பாதிப் பெயர்களும் முழு மனிதர்களும்

விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் சாலையும் பண்ணுருட்டி செல்லும் சாலையும் பிரிகின்ற கோலியனூர்க் கூட்டுரோட்டில் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்கள், வகுப்பறையில் கேட்க இயலாத சொற்கள் பலவற்றைக் கேட்க முடியும். அவ்வாறு ஒரு மாலைப் பொழுதில் நாம் நின்றிருந்தபோது, மாணவர் சிலர் 'விருஷ்கா' என்று சொல்லிச் சொல்லி ஏதோ வாதிட்டுக் கொண்டிருந்தனர். பக்கத்தில் நின்ற உழவர் பெருமகனார் ஒருவர் நெடுநேரம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, விருஷ்கான்னா புதுசா வந்திருக்கிற விதை நெல்லா, இல்ல பூச்சி மருந்தா?" என்று கேட்டார். "இல்லீங்க தாத்தா, அது புருஷன் பொண்டாட்டி" என்றான் ஒரு மாணவன். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? அப்ப ரேஷன் கார்டுல எப்படி எழுதுவாங்க?" என்றார் பெரியவர். நின்றிருந்தோர் அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம்.

பெரியவரின் கேள்வி நகைப்புக்குரியதாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் பொருளுடையதேயாகும். இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி ஒரே பெயராக்கும்போது, அவ்விருவரும் என்ன ஆகின்றனர்? அந்தச் சிரிப்பு எதுவரை நல்ல சிரிப்பு, எங்கே அது நஞ்சாகின்றது? இவ்வினாக்களை நம் மாணவச் செல்வங்கள், ஆசிரியப் பெருமக்கள், சமுதாயப் பெரியவர்கள் ஆகிய மூன்று திறத்தார் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒட்டுப்பெயர் பிறந்த கதை

மாங்கன்றை ஒட்டுக் கட்டுவோர் இரண்டு கன்றுகளையும் வெட்டித்தான் ஒன்றாகக் கட்டுவர். அதுபோன்றே ஒருவர் பெயரின் தலையையும் மற்றொருவர் பெயரின் வாலையும் சேர்த்துக் கட்டிய இப்பெயர்களை 'ஒட்டுப்பெயர்' என்று நாம் அழைக்கலாம். இருசொற்களை ஒன்றனுள் ஒன்று திணிக்கும் இவ்விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் 'போர்ட்மேண்டோ' என்று பெயர். இரண்டு அறைகளாகத் திறக்கும் பயணப் பெட்டியின் பெயர் அது. அதனைச் சொல்லுக்குரிய பெயராக்கியவர் லூயிஸ் கரோல். அவர் எழுதிய குழந்தைகள் நவீனம் ஒன்றில் 1871ஆம் ஆண்டு இவ்விளக்கம் இடம்பெற்றது.

திரைப்பட உலகத்திற்கு இவ்வழக்கம் வந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. அமெரிக்க ஊமைப்படக் காலத்து நட்சத்திரங்களான மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் 1920ஆம் ஆண்டு மணம் புரிந்து வாழ்ந்த மாளிகைக்குப் 'பிக்ஃபேர்' என்று பெயர் வழங்கிற்று. 1950இல் நடிகை லூசில் பாலும் அவர்தம் கணவர் டெசி ஆர்னாஸும் தாம் தொடங்கிய நிறுவனத்திற்கு 'டெசிலு' என்று தாமே பெயரிட்டனர். இவை ஒரு மாளிகைக்கும் ஒரு நிறுவனத்திற்கும் இடப்பட்ட பெயர்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆனால் 2002இல் பென் அஃப்லெக், ஜெனிஃபர் லோபஸ் இருவரையும் சேர்த்துப் 'பென்னிஃபர்' என்றும், 2005இல் பிராட் பிட், ஆஞ்சலினா ஜோலி இருவரையும் சேர்த்துப் 'பிராஞ்சலினா' என்றும் இதழ்கள் எழுதத் தொடங்கியபோது, பெயர் கட்டடத்தை விட்டு மனிதர் மேலேயே ஒட்டிக் கொண்டது.

இந்தியாவில் சைஃப் அலிகான், கரீனா கபூர் இணை 'சைஃபீனா' ஆயிற்று. 2017 டிசம்பரில் இத்தாலியில் மணம் புரிந்த விராட் கோலி, அனுஷ்கா சர்மா இணை 'விருஷ்கா' ஆயிற்று. அதற்கடுத்த ஆண்டில் மணம் புரிந்த தீபிகா படுகோன், ரண்வீர் சிங் இணை 'தீப்வீர்' ஆயிற்று. தமிழ்ச் சின்னத்திரையோ இவற்றினும் ஒரு படி மேலே சென்றது. 2019இல் ஒளிபரப்பான 'பிக் பாஸ்' மூன்றாம் பருவத்தில் பங்கேற்ற கவின், இலங்கைத் தமிழரான லொஸ்லியா ஆகிய இருவரையும் இணைத்து இரசிகர்கள் 'கவிலியா' என்று பெயர் சூட்டினர். மற்றவை மணமக்களின் பெயர்கள். இதுவோ மணம் பேசி முடிக்கப்படாத இருவருக்கு, பார்வையாளர்கள் கூடிச் சூட்டிய பெயராகும்.

இத்தகைய இணையை விரும்பிப் போற்றுதலை இன்றைய இளைஞர் 'ஷிப்பிங்' என்கின்றனர். கப்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உறவைக் குறிக்கும் 'ரிலேஷன்ஷிப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வாலை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக் கொண்டனர். 1990களில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்களிடையே பரவிய சொல் அது. வெட்டுதலையே தொழிலாகக் கொண்ட கூட்டம், தன் தொழிலின் பெயரையும் வெட்டியே வைத்துக் கொண்டமை பொருத்தமே.

இலக்கணம் என்ன சொல்கிறது?

தமிழாசிரியர்க்கு எதைக் கண்டாலும் இலக்கணம் நினைவுக்கு வருதல் இயல்பு. நம் மொழி பெயரைக் குறுக்குதலை வெறுக்கும் மொழியன்று. தஞ்சாவூர் தஞ்சையாயிற்று; நாகப்பட்டினம் நாகையாயிற்று; புதுச்சேரி புதுவையாயிற்று. இவற்றை மரூஉ என்று ஏற்றுக் கொண்டோம். ஆயினும் இங்கே குறுகியது ஓர் ஊரின் பெயரே. மற்றோர் ஊர் அதனுள் புகுந்து விடவில்லை. புதுவையையும் விழுப்புரத்தையும் சேர்த்து ஒரே ஊராக்கிப் பெயர் வைத்தால் கோலியனூரில் நிற்பவர் எந்தப் பேருந்தில் ஏறுவார்?

இருவர் பெயரை இணைப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி உம்மைத்தொகையாகும். கபிலரும் பரணரும் என்பதைக் 'கபிலபரணர்' என்றனர். சேரனும் சோழனும் பாண்டியனும் என்பதைச் 'சேரசோழபாண்டியர்' என்றனர். இத்தொகையில் மறைவது 'உம்' என்னும் இடைச்சொல் ஒன்றே. கபிலர் கபிலராகவே நிற்கின்றார். பரணரும் தம் பெயரை முழுமையாகக் கொண்டிருக்கின்றார். உயர்திணைப் பெயர்கள் இவ்வாறு உம்மைத்தொகையாகச் சேருங்கால் பலர்பால் ஈறு பெறும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் விதி வகுத்தார். இருவர் சேர்ந்தால் இருவராகவே எண்ணப்படவேண்டும் என்பது அவ்விதியின் உட்கிடை எனலாம்.

ஒட்டுப்பெயரோ இதற்கு நேர்மாறானது. 'கவிலியா' என்பதில் கவின் தம் கடைசி எழுத்தை இழக்கின்றார். லொஸ்லியா தம் பெயரின் முன்பாதியை இழக்கின்றார். இருவரும் சேர்ந்து பலர்பால் ஈறு பெறுவதற்கு மாறாக, ஒரு பண்டத்தின் பெயர்போல ஒருமையாகி விடுகின்றனர். பெரியவர் அதனை விதை நெல் என்று எண்ணியதில் வியப்பொன்றுமில்லை.

சிரிப்பைத் தடுக்கலாமா?

இவ்வளவு கூறியதனால் இவ்விளையாட்டையே ஒழிக்க வேண்டும் என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணற்க. நகை என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இளமை, பேதைமை, மடன் என்னும் மூன்றோடு எள்ளலும் அவற்றுள் ஒன்று. ஒட்டுப்பெயர் பிறப்பது பெரும்பாலும் இளமையால். பத்து மாணவர் கூடி, 'இவர் பெயர் முன்னே வரட்டும், அவர் பெயர் பின்னே வரட்டும்' என்று மாற்றி மாற்றிப் பார்த்து, வாயில் நுழையாத பெயர் பிறக்கும்போது விழுந்து விழுந்து சிரிப்பது சொல் விளையாட்டேயாகும். அதில் மொழியுணர்வும் உண்டு. எந்த அசையை வெட்டினால் ஓசை கெடாது என்பதைச் சூத்திரம் படியாமலேயே அவர்கள் அறிந்திருக்கின்றனர். கதை மாந்தர் இருவரை இணைத்து இவ்வாறு பெயரிட்டால் எவர்க்கும் கேடில்லை. கதை மாந்தர்க்குக் கல்லூரியும் இல்லை. காத்திருக்கும் தாயும் இல்லை.

புகழ்பெற்ற மனிதர் திறத்திலோ நகைப்பு சற்றே கசக்கத் தொடங்குகின்றது. நாக சைதன்யா, சமந்தா இணையை இரசிகர்கள் 'சைசாம்' என்று கொண்டாடினர். 2021 அக்டோபரில் அவர்கள் பிரிவை அறிவித்துத் தம் தனிமையை மதிக்குமாறு வேண்டினர். ஆயினும் அப்பெயரை விட மனமில்லாதோர் பலர், எவர் குற்றம் என்று தீர்ப்புரைக்கத் தொடங்கினர். பழியின் பெரும்பகுதி பெண்ணின் மேலேயே விழுந்ததை அந்நாளில் இணையப் பக்கங்களைக் கண்டோர் அறிவர். 'கவிலியா' செய்தியிலும், லொஸ்லியாவின் தந்தையார் அந்நிகழ்ச்சிக்குள் வந்து தம் மகளிடம் வருத்தமும் சினமும் மேலிடப் பேசியதைத் தமிழ் பேசும் உலகமே பார்த்துக் கொண்டிருந்தது. பெயர் சூட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். கேள்விக்கு விடை சொல்ல நின்றவர் ஒரு பெண். பின்னர் 2023இல் கவின் வேறொரு பெண்ணை மணந்து கொண்டார். இருவரும் தத்தம் வழியே சென்றனர். பெயர் மட்டும் இணையத்தில் இன்னும் கிடக்கின்றது.

திரையிலிருந்து வகுப்பறைக்கு

இதுவரை கூறியவை தொலைவில் நிகழ்ந்தவை. நம்மை எழுதத் தூண்டியது அருகில் நிகழ்ந்த ஒன்றாகும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் அறிந்த ஒரு வகுப்பில், ஒரு மாணவனும் ஒரு மாணவியும் கருத்தரங்குக் கட்டுரைக்காகக் குறிப்பேடு ஒன்றை மாற்றிக் கொண்டனர். அதற்கு மேல் அவர்களிடையே பேச்சில்லை. அதனைக் கண்ட எவரோ இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி ஒரு பெயர் செய்தனர். ஓசை இனிமையாக அமைந்து விட்டது; அதுவே கேடாயிற்று. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது. பின்னர் மேசையில் எழுதப்பட்டது. அதன்பின் ஊருக்குச் செல்லும் பேருந்தின் இருக்கைக்குப் பின்புறம் எழுதப்பட்டது. அப்பேருந்தில் அம்மாணவியின் தாய்மாமன் நாள்தோறும் பயணம் செய்பவர்.

அம்மாணவி அடுத்த திங்களில் கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள். ஆசிரியைகள் இருவர் வீடு தேடிச் சென்று பேசினர். அவளுடைய தந்தையார் அவர்களை அமர வைத்துத் தேநீர் கொடுத்து, "நீங்க சொல்றது எல்லாம் சரிதாம்மா. என் மகளை நான் சந்தேகப்படலே. ஆனா நாளைக்கு அவளைக் கேட்டு வர்றவங்க பஸ்ஸுல எழுதியிருக்கிறதைத்தானே படிப்பாங்க?" என்று கூறினாராம். அவள் பின்னர் அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் பெற்றாள் என்று கேள்விப்பட்டோம். அம்மாணவனோ அதே வகுப்பில் அமர்ந்து படித்து முடித்தான். பெயர் ஒன்றேயாயினும் விலை கொடுத்தவர் ஒருவரே. அப்பெயரை நாம் ஈண்டு எழுதப் போவதில்லை.

இதனைச் சங்கச் சான்றோர் நன்கறிந்திருந்தனர். சிலர் வாய்க்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறியப் பேசுவதை அலர் என்றும் பிரித்தனர். வள்ளுவர் அலரறிவுறுத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். இன்றைய வாட்ஸ்அப் குழு அம்பல் எனில், பேருந்து இருக்கையும் பொதுத்தளமும் அலராகும். அகப்பாடல்களில் தலைவன், தலைவி இன்னார் என்று பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. காதலைப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கியம் கண்ட இனம், அதில் பெயரை மட்டும் விலக்கி வைத்தது ஏன் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உணர்வு எல்லார்க்கும் பொது. பெயரோ ஒருவருடைய மானம்.

அரபுலகக் கதையொன்றும் இதனையே உணர்த்துகின்றது. 'லைலா மஜ்னூன்' என்று நாம் ஒரே மூச்சில் கூறுகின்றோம். மஜ்னூன் என்பது அவ்விளைஞனின் பெயரன்று. பித்துப் பிடித்தவன் என்று ஊரார் இட்ட பெயர். கைஸ் என்பதே அவனுடைய இயற்பெயர். 1188இல் நிஜாமி அதனைப் பாரசீகத்தில் காவியமாக்கினார். லைலாவின் பெயரைக் கைஸ் தன் கவிதைகளில் ஊரறியப் பாடியதனாலேயே அவளுடைய தந்தை மணம் மறுத்தார் என்று கதை கூறுகின்றது. பெயர்களைச் சேர்த்துப் பேசியவர்களால் அவ்விருவரும் சேரவில்லை. பெயர்கள் மட்டும் சேர்ந்து நிற்கின்றன. அவற்றுள்ளும் ஒன்று உண்மைப் பெயர் அன்று.

மார்க்கம் காட்டும் வழி

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தில் 11ஆம் வசனம், ஆண்கள் ஆண்களையும் பெண்கள் பெண்களையும் பரிகசித்தலை விலக்குவதோடு, பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் விலக்குகின்றது. அடுத்த வசனம் ஐயுறவையும் துருவித் துருவி ஆராய்தலையும் புறம் பேசுதலையும் விலக்குகின்றது. பரிகாசம், பட்டப்பெயர், ஐயம், துருவுதல், புறம் என்னும் இவ்வைந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்ற ஒழுங்கினை உற்று நோக்குக. நாம் மேலே கூறிய வகுப்பில் நிகழ்ந்ததும் இவ்வரிசையில்தான்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதே நயவஞ்சகர் அவதூறு பரப்பிய வரலாற்றையும், 24ஆம் அத்தியாயமான அந்நூரில் இறைவன் அவர்தம் தூய்மையை உலகறியச் செய்ததையும் நாம் அனைவரும் அறிவோம். அங்கே நம்பிக்கையாளர்களைப் பார்த்து இறைவன் கண்டிப்பது, அச்செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் அவர்கள் நல்லெண்ணம் கொள்ளவில்லையே என்பதும், தாம் அறியாத ஒன்றை நாவால் எடுத்துப் பேசி அதனை எளிய செயலாகக் கருதினரே என்பதுமாகும். எளிது என்று மக்கள் எண்ணியது இறைவனிடத்தில் மிகப் பெரிதாக இருந்தது. 'சும்மா விளையாட்டுக்குத்தான் சார்' என்று கூறும் மாணவர்க்கு இதனினும் தெளிவான விடையை நம்மால் கூற இயலாது.

எம் கருத்து

மாணவச் செல்வங்களே! திரையிலுள்ளோர்க்கும் கதையிலுள்ளோர்க்கும் பெயர் சூட்டிச் சிரிக்க விரும்பினால் சிரியுங்கள். ஆயினும் பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவர் உங்கள் இரசனைக்கு வந்த கதை மாந்தர் அல்லர். ஒட்டுப்பெயர் செய்யும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்ளுங்கள்: இப்பெயரை அவ்விருவரும் தாமே சூட்டிக் கொள்வார்களா? டெசிலு என்பது கணவனும் மனைவியும் தாமே வைத்த பெயர், அது நகைப்பு. பிறர் வைப்பதும், உரியவர் வெட்கி மறைவதும் எள்ளல். நான்கு வகை நகையுள் இளமையால் பிறப்பது எள்ளலாக முடியும் இடம் இதுவே.

ஆசிரியப் பெருமக்களே! மேசையில் எழுதியதைக் கண்டால் அழித்துவிட்டு அப்பால் செல்லுதல் போதாது. எழுதியவனை அழைத்துத் தனியே பேச வேண்டும். பெயர் எழுதப்பட்ட மாணவியை அழைத்து விசாரித்தல் கூடாது. அவள் செய்தது எதுவுமில்லை. விசாரணையே அவளுக்கு இரண்டாம் தண்டனை ஆகிவிடும்.

சமுதாயப் பெரியவர்களே! உங்களிடம் கூறவேண்டியதுதான் நம் உள்ளத்தில் முதன்மையாக நிற்கின்றது. எவனோ ஒருவன் எழுதிய அரைப்பெயருக்காக ஒரு முழுப்பெண்ணின் படிப்பை நிறுத்தாதீர்கள். அவளை வீட்டில் நிறுத்திய மறுகணமே அப்பொய்யை ஊர் மெய்யென்று எடுத்துக் கொள்ளும். அந்நூர் அத்தியாயம் நம்மிடம் எதிர்பார்ப்பது கதவை அடைப்பதன்று. நல்லெண்ணம் கொண்டு, இது பொய் என்று வாய்திறந்து கூறுவதேயாகும். ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் அன்று அப்பேருந்தில் எழுந்து, 'இது நம்ம வீட்டுப் பொண்ணு, எழுதினது யாரு?' என்று கேட்டிருந்தால் அவள் நம் கண் முன்னேயே பட்டம் பெற்றிருப்பாள்.

கோலியனூரில் சாலைகள் கூடுவதால் அவ்விடத்திற்குக் கூட்டுரோடு என்று பெயர் வந்தது. ஆயினும் கூடிய பின்னும் புதுவைச் சாலை புதுவைச் சாலையாகவும், பண்ணுருட்டிச் சாலை பண்ணுருட்டிச் சாலையாகவுமே உள்ளன. அதனாலேயே வழிப்போக்கர் வழி தவறாது ஊர் சேர்கின்றனர். நம் பிள்ளைகளும் தத்தம் முழுப்பெயரோடு கல்லூரிக்கு வந்து, அதே முழுப்பெயரோடு பட்டம் பெற்று வீடு திரும்ப வல்ல இறைவன் அருள் புரிவானாக! ஆமீன்.